பிட் இல்லாமல் ஓட்டினால் குதிரை நிற்குமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் ஆறு வயது மார்வாரி இனப் பெண் குதிரை, கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பான பிட்டைப் பார்த்தாலே தலையைத் தூக்கிக்கொள்கிறது. ஏறி உட்கார்ந்து கடிவாள வாரைப் பிடித்தால் வாயைப் பிளக்கிறது, தலையை உதறுகிறது. வாயில் இரும்பு போடாமலே ஓட்டலாமா? மிரண்டு ஓடினால் எப்படி நிறுத்துவது?"

தாராளமாக ஓட்டலாம். ஆனால் அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பற்களைக் காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பற்கள் தேயும்போது ஓரங்கள் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அந்தப் புண்ணை ஆற்றாமல் பிட்டை மட்டும் கழற்றினால், அதற்குப் பதிலாக மூக்கைச் சுற்றிப் போடும் மூக்குப்பட்டை கன்னத்தைப் பல்லோடு சேர்த்து அழுத்தி அதே வலியைத் தரும்.

இப்போது போடும் பிட்டையும் ஒருமுறை பாருங்கள். முள் வைத்ததாக இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள். வண்டி, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965இலேயே அதைத் தடை செய்துவிட்டன. இன்னமும் அது விற்கப்படுவது எனக்கு ஆறாத கோபம். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று உண்டு; பிட் உட்காருவது அங்கேதான். வாயோரமாக விரலை விட்டுத் தடவினால் மெல்லிய ஈறுக்கு அடியிலேயே எலும்பின் விளிம்பு தட்டுப்படும். முள் குத்துவது அங்கேதான்.

இனி, நிறுத்தும் கேள்வி. மிரண்ட குதிரையை வாய் வலி நிறுத்தாது. வலிக்க வலிக்க இன்னும் வேகமெடுக்கும். நிற்பது பழக்கத்தில் வருவது. முதலில் தரையில் பக்கத்தில் நின்று பழக்குங்கள். "ஹோ" என்று சொல்லி வாரை லேசாகப் பிடியுங்கள். குதிரை ஒரு அடி தளர்ந்ததும் அந்த நொடியே விட்டுவிடுங்கள். விடுவதில்தான் அது பாடம் கற்கிறது. அப்புறம் ஒரு பக்க வாரைப் பிடித்துக் கழுத்தை மென்மையாக வளைக்கவும் இரண்டு பக்கமும் பழக்குங்கள். ஓட்டமெடுத்தால் வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி வேகத்தைக் குறைப்பதற்கு அது உதவும். வெடுக்கென்று திருப்பினால் குதிரை நிலைதடுமாறி விழும்.

பிட் இல்லாத தலைக்கருவியில் பல வகை உண்டு. உங்களுக்கு நான் சொல்வது, மூக்குப்பட்டையின் இரு பக்க வளையங்களில் வார் கோத்த சைட்புல். வலப்பக்கம் பிடித்தால் தலை வலப்பக்கம் வரும், குதிரைக்குக் குழப்பமில்லை. பக்கவாட்டில் நீண்ட உலோகக் கைகளும் தாடைக்கடியில் சங்கிலியும் உள்ள ஹேக்கமோர் வேண்டாம். அது நெம்புகோல்; நீங்கள் இழுப்பதைவிடப் பல மடங்கு விசை மூக்கிலும் தாடையிலும் இறங்கும். பிட் இல்லை என்பதாலேயே அது மென்மையாகிவிடாது.

மூக்குப்பட்டை எங்கே உட்கார வேண்டும்? கன்ன எலும்பின் மேடு முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே. மூக்கெலும்பை மேலிருந்து தடவிக்கொண்டே வாருங்கள், ஓரிடத்தில் கெட்டித்தன்மை போய் மெத்தென்று அமுங்கும். பட்டை அந்த இடத்துக்கு வரவே கூடாது. குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது, அங்கே அழுத்தினால் திணறிப்போகும்.

முதல் சில வாரங்கள் வேலி போட்ட மைதானத்தில் நடையும் டிராட் என்கிற மெல்லோட்டமும் போதும். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் போகும்போது குரலுக்கும் உடல் அசைவுக்கும் நிற்கிற வரைக்கும் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். போட்டி ஆசை இருந்தால் ஒன்று: சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, குதிரையின் நடையையும் பயிற்சியையும் பார்க்கும் டிரசாஜுக்கு பிட் கட்டாயம், தடைதாண்டும் ஜம்பிங்கில் பிட் இல்லாமலும் இறங்கலாம்.