பழைய பார்ட்டியை எப்படி விடுவது?

கேள்வி: கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) போட்டு, கம்பெனிகள் தரும் ராடைக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். பாதி வேலை ஒரே பம்ப் கம்பெனியுடையது. ஷாஃப்ட்டுக்கு பீஸ் 45 ரூபாய், ஓட 10 நிமிடம். 25 பீஸாக அனுப்பி, நாளைக்கே வேண்டும் என்பார்கள். பணம் வர நாலு மாதம். ஒரு வால்வு கம்பெனி 300 பீஸ் லாட்டாகத் தர முன்வந்தது. பீஸுக்கு 8 நிமிடம், ஆனால் 35 ரூபாய்தான். நேரமும் இல்லை, ரேட்டும் குறைவு என்று தள்ளிப்போடுகிறேன். பம்ப் கம்பெனியோடு எட்டு வருடப் பழக்கம். என்ன செய்ய?
- ஆர்.செ., கோவை

பதில்: பீஸ் ரேட்டைப் பார்க்காதீர்கள் தம்பி, மெஷின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பாருங்கள். பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவை மாற்றி அளவுக்கு போரிங் அடித்து, டூலின் அளவுத் திருத்தமான ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் பார்த்து ஓகே பண்ணுகிற இந்த செட்டிங்குக்கு ஒன்றரை மணி என்று வையுங்கள். 25 ஷாஃப்ட்டுக்கு ஓடுகிற நேரம் 250 நிமிடம், செட்டிங் 90. வருவது 1,125 ரூபாய். மணிக்கு 200கூடத் தேறவில்லை. அதே செட்டிங் வால்வு வேலையில் 300 பீஸுக்கும் ஒரே தடவை. மணிக்கு 253 வருகிறது. இந்தக் கணக்கில் உங்கள் நாலு மாத வட்டி சேரவில்லை. பில் போட்டதற்கு, காசு வராமலே கட்டிய ஜிஎஸ்டியும் சேரவில்லை.

மெஷின் சும்மா நின்றால் அந்த ஷாஃப்ட் வேலையும் நல்ல வேலைதான். இன்சர்ட் (தேயத் தேய மாற்றும் வெட்டு முனை), கரண்ட், கூலி போக இஎம்ஐக்கு ஏதோ மிஞ்சும். நல்ல வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டு அதை ஓட்டுவதுதான் நஷ்டம். ஆகவே முதலில் ஒரு மெஷினில் வால்வு வேலையை ஏற்றுங்கள். நாலைந்து லாட் போய், பணமும் ஒழுங்காக வரட்டும்.

பிறகு பம்ப் கம்பெனிக்குப் புது கொட்டேஷன்: செட்டிங் சார்ஜ் தனி, இல்லையென்றால் குறைந்தது 150 பீஸ். ஒத்துக்கொண்டால் இருக்கட்டுமே, எதற்கு விட வேண்டும்? பர்ச்சேஸ்காரர் பழக்கத்தைப் பேசுவார். பழக்கம் ஆயுத பூஜை பொரிக்கு ஆகும், இஎம்ஐக்கு ஆகாது.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே போடுங்கள், கட்டணம் கிடையாது. 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-ல் நின்றால், அந்த வருடச் செலவாக அவர்கள் வருமான வரியில் காட்டவும் முடியாது. இதை அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆளிடம் சொல்லுங்கள், பர்ச்சேஸ்காரரிடம் சொல்லிப் பயனில்லை.

விடுவதென்று முடிவானால், சொல்வதற்கு முன்பே பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சொன்ன பிறகு, பாக்கியில் கழித்துக்கொள்ளும் சீட்டு, டெபிட் நோட்டாக வரும். என்றோ போன ஷாஃப்ட்டில் ரன்-அவுட் (சுற்றும்போது ஆட்டம்) இருந்தது என்பார்கள். கையில் இருக்கும் ஆர்டரை முடித்துக் கொடுத்து, வேறு ஆள் பார்க்க ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். டிராயிங், கேஜ், மிச்ச ராடு எல்லாவற்றையும் டெலிவரி சலான் போட்டு, எடை குறித்து, ஸ்டோர்ஸ் சீலோடு ஒப்படையுங்கள். டெம்போ டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள்.