ஷேவர் வாங்குவதற்கு முன் அந்தப் புண்ணைக் காட்டுங்கள்

மின்சவரக் கருவிகளில் ஃபாயில் ஷேவரை வாங்குவதா, ரோட்டரி ஷேவரை வாங்குவதா என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்துக்குக் கீழே விடை இருக்கிறது. ஆனால், வரிசையாகப் பல ஐயங்களை எழுதிவிட்டுக் கடைசியில் போகிற போக்கில் சேர்த்திருக்கும் இரண்டு வரிகளுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இடது தாடைக்குக் கீழே ஒரே இடத்தில் நான்கு மாதங்களாக மழிக்கும்போதெல்லாம் இரத்தம் கசிகிறது, பொருக்குத் தட்டுகிறது, அடுத்த முறை மீண்டும் கசிகிறது, புற்றுநோயாக இருக்குமோ என்று மனைவி அஞ்சுகிறார் என்கிறீர்கள். அந்த அச்சம் உங்களுக்கும் இருக்கிறது. பிளேடை விட்டு மின்சவரக் கருவிக்கு மாறினால் அந்த இடம் தானாக ஆறிவிடும் என்று நீங்கள் நம்ப விரும்புவதிலேயே அது தெரிகிறது.

முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால், பிளேடு கீறிய சாதாரணக் காயம் ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். நான்கு வாரங்களைக் கடந்தும் ஆறாமல், ஆறியதுபோல் தோன்றி அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கசியும் புண்ணைச் சவரக் காயம் என்று சொல்லி ஒதுக்கக் கூடாது. அது சற்றே உயர்ந்து நிற்கும் மச்சமாக இருக்கலாம், மருவாக இருக்கலாம், தொட்டாலே கசியும் சிறு இரத்தக்குழாய்த் திரளாக இருக்கலாம், உள்ளே வளைந்து சிக்கிய முடியாகக்கூட இருக்கலாம். இவற்றில் எதுவும் புற்று அல்ல. ஆனால் பேசல் செல் புற்று என்னும் தோல் புற்றும் பெரும்பாலும் வெயில் படும் முகத்திலும் கழுத்திலும், வலியே இல்லாமல், இப்படித்தான் தொடங்குகிறது. வெளிறிய தோலில் அது முத்துப்போல் மினுங்கும் விளிம்புடன் தெரியும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம்மைப் போன்ற கருமை கலந்த தோலில் அது பல நேரங்களில் கறுத்தே இருப்பதால், மச்சம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இந்த நிறத் தோலில் அது அரிது என்பது உண்மை, வராது என்பது உண்மையல்ல. அது உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் விட்டுவிட்டால் இருக்கும் இடத்தில் ஆழமாக அரித்துக்கொண்டே போகும். சிறியதாக இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

உங்களுக்கு இருப்பது எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒளிப்படம் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் நேரில் சென்று காட்டுங்கள். அவர் உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார். ஐயம் இருந்தால் அந்த இடத்தை மரக்கச் செய்து, சில மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார். சில நிமிட வேலைதான். அதுவரை அந்த இடத்தில் பிளேடோ ஷேவரோ படக் கூடாது. சுற்றியுள்ள முடியைக் கத்தரியால் நறுக்கிக்கொண்டால் போதும்.

இரண்டு மாதங்களாக நீங்களாகவே வாங்கித் தடவிவரும் வெள்ளைக் களிம்பைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கலவையில் ஸ்டீராய்டு, நுண்ணுயிர்க்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. எது நோய் என்றே தெரியாதபோது மூன்றையும் சேர்த்துத் தடவுவது சிகிச்சை ஆகாது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும் என்பதால் முதல் வாரத்தில் குணமானதுபோல் தெரியும். பிறகு தோல் மெலியும், மெல்லிய இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும், படர்தாமரை இருந்தால் அதன் வட்ட உருவமே மாறி மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். இத்தனை நாள் தடவியதைத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியவும் கூடும் என்பதால், நிறுத்தும் முறையையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். களிம்புகளைப் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இப்படி மெலிந்துபோன முகத்தோல்களை அடிக்கடி பார்க்கிறேன் என்பதுதான்.

மின்சவரக் கருவியின் காந்தப்புலம் புற்றுநோயைத் தரும் என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புலத்துக்கு உயிரணுவின் மரபுப் பொருளை உடைக்கும் ஆற்றல் இல்லை; கருவியிலிருந்து ஒரு சாண் விலகினாலே அது பெருமளவு குறைந்துவிடும். 2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இவ்வகைப் புலங்களை ஐயத்துக்குரியவற்றின் பட்டியலில் சேர்த்தது, வீடுகளில் நீண்ட காலம் இப்புலத்துக்கு உள்ளான குழந்தைகளின் இரத்தப் புற்று பற்றிய ஆய்வுகளை வைத்துத்தானே தவிர, நாளுக்குச் சில நிமிடம் ஷேவர் பிடிக்கும் ஆண்களை வைத்து அல்ல. மழித்தால் முடி தடித்து வளரும் என்பதும் தவறு. 1928லேயே அளந்து பார்த்து இல்லை என்று காட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்ட முனை, வெட்டாத முடியின் முனைபோல் மெலிந்து இராததால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

இனி, கழுத்தில் வரும் கொப்புளங்கள். இவற்றைக் கிருமித் தொற்று என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி இல்லை. சுருண்டு வளரும் முடியைத் தோலோடு ஒட்ட வெட்டும்போது, கூராகிவிட்ட அதன் முனை இரண்டொரு நாளில் வளைந்து பக்கத்துத் தோலைக் குத்தி உள்ளே நுழைகிறது. உடல் அதை வெளியிலிருந்து வந்த முள்ளாகக் கருதி வீங்குகிறது. நீங்கள் பெருமையோடு குறிப்பிடும் ஐந்து பிளேடு ரேசர் இதை மோசமாக்கும். முன்னால் இருக்கும் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, பின்னால் வருவது வெட்ட, மிச்சத் துண்டு தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அது வெளியே வருவதற்கு முன்பே மயிர்க்காலின் சுவரைத் துளைக்கிறது. தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக மழிப்பதும் இதையேதான் செய்கிறது.

ஆகவே உங்களுக்கான கருவி, மிக ஒட்ட மழிப்பதாக விளம்பரம் செய்யப்படுவது அல்ல. 1931இல் ஜேக்கப் ஷிக் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மின்சவரக் கருவியிலிருந்து இன்றுவரை, இவை எல்லாவற்றிலும் வெட்டும் அலகுக்கும் தோலுக்கும் நடுவே ஓர் உலோகத் தகடு இருக்கிறது. பிளேடு அளவுக்கு ஒட்ட மழிக்கவில்லை என்று பலர் குறை சொல்வது அந்தத் தகட்டால்தான். உங்கள் கழுத்துக்கு நன்மையும் அந்தத் தகட்டால்தான்.

முதலில் மூன்று, நான்கு வாரங்கள் கழுத்தை மழிக்காமல் விடுங்கள். சிக்கியிருக்கும் முடி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் தன் விசையாலேயே வில்போல் நிமிர்ந்து தோலை விட்டு வெளியே வந்துவிடும். இடுக்கியால் பிடுங்க வேண்டாம். பிடுங்கிய முடி மறுபடி முளைக்கும்போது உள்ளுக்குள்ளேயே குத்தும். அதன் பிறகு, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை முடியை விட்டு வெட்டும் ட்ரிம்மர்தான் உங்களுக்கு என் முதல் தேர்வு. முகம் முழுக்க மழுமழுவென்று இருந்தே ஆக வேண்டிய பணி என்றால், கொப்புளங்கள் அடங்கியபின் கன்னத்துக்கு ஷேவரும் கழுத்துக்கு ட்ரிம்மரும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கருவிகளா என்று தயங்க வேண்டாம். பல ஷேவர்களில் ட்ரிம்மர் இணைந்தே வருகிறது.

ஃபாயில் வகையில், துளைகள் இட்ட மிக மெல்லிய தகட்டுக்கு அடியில் அலகுகள் இப்படியும் அப்படியுமாக ஓடும். நேராக வளரும் முடியை நாள்தோறும் மழிப்பவருக்கும், தோல் எளிதில் எரிபவருக்கும் அது ஏற்றது. இரண்டு மூன்று நாள் வளர்ந்த முடியை அது பிடிக்காது, பிடித்தால் இழுக்கும். ரோட்டரியில் வட்டத் தலைகளுக்குள் அலகுகள் சுழலும். 1939இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய வடிவம் இது. பல திசைகளில் சுழித்து வளரும் முடிக்கும், வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் மழிப்பவருக்கும், தாடை வளைவுக்கும் இது வசதி. ஆனால் அழுத்தினால் கழுத்தின் தளர்ந்த தோலைச் சுரண்டிவிடும். எந்த வகையானாலும் அழுத்தாமல், தோலை இழுக்காமல், மெல்லத் தொட்டு நகர்த்த வேண்டும். புதுக் கருவிக்குத் தோல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஒத்துவரவில்லை என்று மாற்றிக்கொண்டே போகாதீர்கள். கடிகாரப் பட்டையின் கொக்கி பட்ட இடத்தில் அரிப்பு வருபவராக இருந்தால், அது நிக்கல் உலோகத்தின் ஒவ்வாமையாக இருக்கலாம்; ஃபாயில் தகடுகளும் பெரும்பாலும் நிக்கலால் ஆனவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். தலைகள் எத்தனை, திரையில் என்ன ஒளிர்கிறது என்பதைவிட, மாற்றுத் தகடும் அலகும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். மழுங்கிய அலகு வெட்டாது, இழுக்கும். ஓரிரு ஆண்டுக்குள் அதை மாற்றியாக வேண்டும்.

உங்கள் தந்தை இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்பதால் அவருக்கு மின்சவரக் கருவி நல்லதுதான். கீறல் ஆழமாக விழாது. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல் ஒன்றையே வாங்கி இருவரும் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவுகூட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளைக் கடத்தப் போதுமானது. தட்டையான மருக்களும் படர்தாமரையும் இப்படியே ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகும். அவருக்குத் தனியாக வாங்கிக் கொடுங்கள். உங்களுடையதை, தோல் மருத்துவர் அந்தப் புண்ணைப் பார்த்து இனி மழிக்கலாம் என்று சொன்ன பிறகு வாங்கலாம்.