மூளை லிம்போமா: ஸ்கேன் எவ்வளவு சொல்லும்?

கேள்வி: டாக்டர், சி.டி. ஸ்கேனிலேயே அப்பாவுக்குக் கட்டி தெரிந்துவிட்டது. மறுபடி எம்.ஆர்.ஐ. எதற்கு?

கட்டி இருப்பதைச் சொல்ல சி.டி. போதும்; என்ன கட்டி என்று சொல்லப் போதாது. லிம்போமா என்பது ஒருவகை வெள்ளையணுக்களில் தோன்றும் புற்றுநோய்; அதில் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். இடையே நீர் நகர இடமிருக்காது. அதனால் எம்.ஆர்.ஐ.யில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் கட்டி பளிச்சென்றும், கூடவே வரும், அந்த நகர்வின் அளவைக் காட்டும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கறுத்தும் தெரியும். கட்டியைத் தெளிவாகக் காட்டும் காடோலினியம் மருந்தை ஊசியாகப் போட்டதும் பெரும்பாலும் முழுக் கட்டியும் ஒரே சீராக ஒளிரும். அது மூளையின் நீரறைகளை ஒட்டி இருந்தால் சந்தேகம் வலுக்கும். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டென்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கிளியோபிளாஸ்டோமாவும் இப்படித்தானே இருக்கும்?

அது மூளையில் வரும் இன்னொரு தீவிரப் புற்றுக்கட்டி. அதில் பொதுவாக நடுப்பகுதி அழுகி, ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும். பெர்ஃப்யூஷன் படத்தில் ரத்த ஓட்டமும் லிம்போமாவைவிட அதிகமாக இருக்கும்.

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. உண்டு. ரிப்போர்ட்டில் 'வளையம்' என்று இருக்கிறது. அப்படியானால் லிம்போமா இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு லிம்போமாவும் வளையமாக வரும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் தொற்றும் அப்படியே. நம் நாட்டில் காசநோய்க் கட்டியையும் மறக்கக் கூடாது. இங்கே, செல்கள் சர்க்கரையை எவ்வளவு இழுக்கின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன் கைகொடுக்கும்: லிம்போமா சர்க்கரையை மிகுதியாக இழுக்கும், டாக்ஸோபிளாஸ்மா அவ்வளவு இழுக்காது.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அடுத்த ஸ்கேனில் கட்டியையே காணோம். குணமாகிவிட்டதா?

இல்லை. இதில்தான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு லிம்போமா செல்களையே கொல்லும். சில நாட்களில் கட்டி சுருங்கலாம், படத்திலிருந்தே மறையலாம். ஆனால் பிறகு திரும்பி வரும். அதைவிடச் சங்கடம், அந்த இடைவெளியில் பயாப்ஸி (திசுச் சோதனை) எடுத்தால் செத்த செல்களும் அழற்சியும் மட்டுமே கிடைக்கலாம். நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. லிம்போமா என்ற சந்தேகம் இருந்தால், மூளை அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகாதவரை, பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடுவதே முறை. அம்மாவை விடாமல் கண்காணித்து, கட்டி மீண்டும் தலைகாட்டினால் அப்போது திசு எடுக்க வேண்டும்.

கேள்வி: படமே இவ்வளவு சொல்லும்போது மண்டையில் துளை போட வேண்டுமா?

வேண்டும். படம் தருவது சந்தேகம்தான். திசு இல்லாமல் மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தைத் தொடங்க மாட்டார்கள். தண்டுவட நீரிலோ கண்ணிலோ புற்றுச் செல்கள் கிடைத்தால் மட்டும் சிலருக்கு மண்டையில் துளை தேவைப்படாது. உடம்பில் வேறெங்காவது லிம்போமா இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வயதான ஆண்களுக்கு விதைப்பை ஸ்கேனும் எழுதித் தருவார்கள், கூச்சப்பட்டுத் தவிர்க்காதீர்கள்.