கலைந்த குழுவும் காத்திருப்பும்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. பதினாறு வயதிலிருந்து நான் கேட்டுவரும் ராக் இசைக்குழு, மூன்று வாரத்துக்கு முன்பு கலைந்துவிட்டதாக அறிவித்தது. நான்கு வரி அறிக்கை, ஒரு நன்றி, அவ்வளவுதான். எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. அன்று இரவு உட்கார்ந்து அழுதேன். என் மனைவி முதலில் பயந்துபோனாள். விஷயம் தெரிந்ததும், "பாட்டெல்லாம் அப்படியேதானே இருக்கு, யாராவது வந்து பிடுங்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர்கள் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்க முடியவில்லை. ரசிகர்கள் இரண்டு கட்சியாகி, பாடகர்தான் காரணம் என்று பாதிப் பேரும் அவருடைய மனைவிதான் காரணம் என்று மீதிப் பேரும் அடித்துக்கொள்கிறார்கள். திரும்பச் சேரச் சொல்லி ஒரு மனுவும் சுற்றுகிறது, கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கிறேன். இந்த வயதில் இப்படி இருப்பது சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

குழுவின் பெயரைக் கடிதத்திலிருந்து நான்தான் எடுத்தேன். பெயர் இருந்தால் பேச்சு முழுக்க அந்தச் சண்டைக்கே போய்விடும், உங்கள் மனைவி கேட்ட கேள்வி அடிபட்டுப் போகும். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

பாட்டெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, சரி. அப்புறம் போனது என்ன? காத்திருப்பு போயிருக்கிறது. பதினாறு வயதில் ஒரு ஆல்பத்தைக் கேட்டு மனப்பாடம் ஆக்கியிருப்பீர்கள், அடுத்தது வர இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகியிருக்கும், அதற்குள் படிப்பு முடிந்திருக்கும், வேலை, கல்யாணம் என்று என்னென்னவோ நடந்திருக்கும், ஆனால் எங்கோ ஒரு அறையில் அந்த நாலு பேர் உட்கார்ந்து எதையோ வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருநாள் அது நம் கைக்கு வரும் என்கிற நினைப்பு மட்டும் மனசின் ஒரு மூலையில் அணையாமல் இருந்திருக்கும். இருபத்துமூன்று வருடம் இருந்த ஒன்று நான்கு வரியில் அணைந்துபோனால் அழுகை வரத்தான் செய்யும். 1996இல் பிரிட்டனில் டேக் தட் என்ற பாப் குழு பிரிந்தபோது, நிலைகுலைந்துபோன ரசிகர்கள் பேசுவதற்கென்றே தொலைபேசி உதவி எண்களை ஏற்படுத்தினார்கள். சின்னப் பெண்களின் பைத்தியம் என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. அந்த எண்ணை ஏற்படுத்தியவர்கள்தான் விஷயம் புரிந்தவர்கள் என்பேன். மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும்.

இந்தக் காத்திருப்பையே வேலையாகச் செய்தவர்கள், ஜான், பால், ஜார்ஜ், ரிங்கோ என்ற நாலு பேர் கொண்ட பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ரசிகைகள். லண்டனில் சாவில் ரோ தெருவில் இருந்த, குழுவின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலக வாசலிலும், பாட்டுப் பதிவு நடக்கிற ஸ்டுடியோ வாசலிலும், மழையோ குளிரோ, தினமும் வந்து நின்ற ஒரு கூட்டம். 'ஆப்பிள் ஸ்க்ரஃப்ஸ்' என்று பேர். ஜார்ஜ் ஹாரிசன் அவர்களுக்காகவே ஒரு பாட்டு எழுதினார், அது வெளிவந்தது 1970இல், குழு உடைந்த அதே வருடம். நான் விலகுகிறேன் என்று ஜான் லென்னன் மற்றவர்களிடம் 1969 செப்டம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. வியாபாரத்தை உத்தேசித்து அதை வெளியில் விடவில்லை. பால் மெக்கார்ட்னி விலகிவிட்டார் என்று 1970 ஏப்ரல் 10ஆம் தேதி பத்திரிகையில் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இடையில் ஆறேழு மாதம், ஏற்கெனவே இல்லாமல் போய்விட்ட ஒன்றுக்காக அந்தப் பெண்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்யும்.

இப்போது பாடகரின் மனைவி விஷயம். இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஜான் லென்னனின் மனைவி யோகோ ஓனோ ஐம்பது வருடம் இந்தப் பழியைச் சுமந்தார். 1969 ஜனவரியில் எடுத்த காட்சிகளை வைத்து 2021இல் கிட்டத்தட்ட எட்டு மணி நேர ஆவணப்படம் ஒன்று வந்தது, பார்த்திருப்பீர்கள். அதில் யோகோ என்ன செய்கிறார்? ஜான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பெரும்பாலான நேரம் அவ்வளவுதான். இன்னும் ஐம்பது வருடம் கழித்து, யோகோ ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்ததால் பீட்டில்ஸ் பிரிந்தது என்று சொல்வார்கள், அது எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று பால் மெக்கார்ட்னியே அந்தப் படத்தில் சொல்கிறார். சொன்னபடியே நடந்தது.

நிஜக் காரணங்கள் எல்லாம் வீட்டு வரவுசெலவு மாதிரி அலுப்பானவை. அவர்களைக் கட்டி மேய்த்த மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆலன் க்ளைன் என்ற அமெரிக்க மேலாளர் வேண்டும் என்று மூன்று பேர், தன் மாமனார் வீட்டு வக்கீல்கள் வேண்டும் என்று பால். ஜார்ஜிடம் பாட்டுகள் குவிந்து கிடந்தன, ஆனால் ஒரு ஆல்பத்தில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு இடம்தான். பிரிந்த அதே வருடம் அவர் மூன்று இசைத்தட்டு கொண்ட ஆல்பமே போட்டார் என்றால் எவ்வளவு அடைபட்டுக் கிடந்திருக்கும் என்று பாருங்கள். 1970 டிசம்பர் 31இல் பால் வழக்குப் போட்டார், சட்டப்படி எல்லாம் முடிய 1975 ஜனவரி ஆயிற்று. இத்தனையையும் ஒரு பெண் தலையில் போட்டால் ரசிகனுக்குச் சுலபம், அவ்வளவுதான். உங்கள் பாடகரின் மனைவியைத் திட்டுகிற கூட்டத்தில் தயவுசெய்து சேராதீர்கள்.

பழி போட ஆள் கிடைத்தால் துக்கம் குறையும் என்பதும் பொய். என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் ஆர்.இ.எம். ரசிகன். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் 1980இல் தொடங்கிய குழு, 2011 செப்டம்பர் 21 அன்று, போதும், முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. மனஸ்தாபம் இல்லை, சண்டை இல்லை, வக்கீல்கள் இல்லை என்று பாஸ் கிதார் வாசிக்கும் மைக் மில்ஸ் தெளிவாகவே எழுதியிருந்தார். திட்டுவதற்கு ஆளே கிடையாது. அப்படியும் எனக்கு நெஞ்சை அடைத்தது.

மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் அண்ணன் தம்பி சண்டை முற்றி, 2009 ஆகஸ்டில் பாரிஸில் மேடையேறும் முன்பே அண்ணன் நோயல் கிளம்பிப் போனார். பதினைந்து வருடம் கழித்து, 2024இல், அவர்களுக்கே தோன்றியபோதுதான் மறுபடி சேர்ந்தார்கள், 2025 ஜூலையில் கார்டிஃபில் ஏறிப் பாடினார்கள். ஆர்.இ.எம். சேரவில்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் ஒரு விழாவில் நாலு பேரும் ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். அந்தக் குழுவின் டிரம்மர் பில் பெரி 1997இலேயே விலகியவர். நான் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன் என்று சொல்லி, மற்ற மூவரும் தொடர்வோம் என்ற பிறகுதான் போனார். எல்லோரும் இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்வார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இருபது, முப்பது வருடம் ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போனவர்கள் இந்த முடிவை லேசாக எடுத்திருக்க மாட்டார்கள், நிறுத்த வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவர்களை இழுத்து உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

பாட்டு கேட்க முடியவில்லை என்கிறீர்கள். அவசரம் வேண்டாம். நானும் நாலு மாதம் தொடவில்லை. அடுத்த ஜனவரியில் ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, அவர்களுடைய கடைசி ஆல்பமான 'கொலாப்ஸ் இன்டூ நவ்'வை ஹெட்போனில் போட்டேன். அது மார்ச்சில் வந்தபோது, அடுத்ததில் என்ன செய்வார்களோ என்ற நினைப்போடு பாதி கவனமாகக் கேட்டிருந்தேன். இந்தத் தடவை அடுத்தது என்று ஒன்று இல்லை. கடைசிப் பாட்டில், கூடப் பாடவந்த பாட்டி ஸ்மித் என்ற பாடகியின் குரல் ஓய்ந்த பிறகு, ஆல்பத்தின் முதல் பாட்டு மறுபடி கிளம்பி வருகிறது, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு நிற்கிறது. இதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. எழுந்து விளக்கைப் போட்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் இருக்கிறார்கள். பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஒரு கையைத் தூக்கிக் காட்டுகிறார். வாங்கின அன்று அதை வா என்று கூப்பிடுகிற கை என்று நினைத்திருந்தேன்.