ஏர் எங்கே இழுக்கிறது?

சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மாட்டிய பிறகு எஞ்சின் தகராறு செய்கிறது என்று பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறோம். கழற்றுவதற்கு முன் இல்லாத கோளாறு என்றால், உங்கள் கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள். புது சென்சார் வாங்குவதெல்லாம் கடைசி வேலை.

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பிளாஸ்டிக் மேனிஃபோல்டு விரிசல் விட்டதால் கேஸ்கெட்டோடு (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் பட்டை) புதிது போட்டேன். இப்போது ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) 1,500 ஆர்பிஎம்-ல் நிற்கிறது. நடுநடுவே ஏறி இறங்குகிறது. ‘உஸ்’ என்று ஒரு சத்தம். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171. மறுபடி இறக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பி0171 என்பது கலவையில் பெட்ரோலைவிடக் காற்று மிஞ்சுகிறது என்ற புகார். கூடவே ‘உஸ்’ சத்தமும் இருப்பதால், காற்றை அளவோடு விடும் த்ராட்டிலைத் தாண்டி எங்கிருந்தோ ஏர் இழுக்கிறது. அந்த இடம் கேஸ்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லீக் ஹோஸ்களில் இருப்பதே அதிகம்.

பிரேக் பூஸ்டர் (பெடலை இலகுவாக்குவது), பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை உறிஞ்சும் வால்வு), பர்ஜ் வால்வு (பெட்ரோல் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடுவது), சில எஞ்சின்களில் ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர், இவற்றுக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். பழைய ரப்பர் முனை விரிந்து போயிருந்தால் மாட்டியதுபோல் தெரியும், ஆனால் பிடிக்காது. முனையில் அரை அங்குலம் வெட்டிவிட்டு மாட்டினாலே சரியாகிவிடும். இன்னொன்று, ஒரே மேனிஃபோல்டைப் பல மாடல்களுக்கும் விற்பார்கள். உங்கள் எஞ்சினுக்குத் தேவையில்லாத முனை ஒன்று பின்புறம் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) பக்கம் திறந்தபடி இருக்கலாம். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்து, ரப்பர் மூடி போட்டு அடையுங்கள்.

அடுத்து எஞ்சின் ஓடும்போது ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்தி மூடுங்கள். எதை மூடும்போது ஐட்லிங் சட்டென்று இறங்கி நிதானமாகிறதோ, அந்தக் கிளையில்தான் லீக். பிசிவி ஹோஸை மூடினால் நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் இறங்கும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிரேக் பெடலை மிதிக்கும்போது ‘உஸ்’ சத்தம் மாறினாலோ, பெடல் கல் மாதிரி இறுகியிருந்தாலோ பூஸ்டர் பக்கம் போங்கள். அது சரியாகும்வரை வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது.

ஸ்கேனர் கையில் இருப்பதால் பிழை எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். எஞ்சின் சூடான பிறகு ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் +25 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்-ல் பிடித்தால் +5-க்கு இறங்குகிறதா? அப்படியானால் வேக்யூம் லீக்தான். ஓட்டையின் அளவு மாறுவதில்லை. ஐட்லிங்கில் எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்று குறைவு, அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகம் ஏறினால் அந்தப் பங்கு கரைந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பிரஷரையோ, உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரையோ பாருங்கள். அந்தச் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள பெரிய ரப்பர் குழாயின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். கழற்றும்போது அடிப்பக்கத்தில் கிழிந்திருந்தால் மேலிருந்து தெரியவே தெரியாது.

மாஸ் ஏர்ஃப்ளோ இல்லாமல், மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் எஞ்சினில் கதை வேறு. லீக்கால் மேனிஃபோல்டு பிரஷர் ஏறும். எஞ்சின் கேட்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலையும் ஏற்றிவிடும். ட்ரிம் ஒழுங்காகவே இருக்கும், ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும். அங்கே மேப் அளவைப் பாருங்கள். கடல் மட்டத்தில் எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் சுமார் 100 கிலோபாஸ்கல். சூடான எஞ்சின் ஐட்லிங்கில் 30 முதல் 40. ஐட்லிங்கில் 50-ஐத் தாண்டினால் லீக்கைத் தேடலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் புகை மெஷின் போல எதுவும் வராது. எஞ்சின் ஓட வேண்டியதில்லை, புகை வரும் இடம் கண்ணுக்குத் தெரியும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பதானால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, எக்ஸாஸ்ட் பக்கம் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இப்போதைய எஞ்சின்களில் ஸ்ப்ரே உள்ளே போனதும் கம்ப்யூட்டர் ஐட்லிங்கைச் சமாளித்துவிடும், காதுக்கு எதுவும் கேட்காது. எஞ்சின் சற்றுச் சூடேறி ட்ரிம் வேலை செய்யத் தொடங்கியதும், காதைவிட ஷார்ட் டேர்ம் ட்ரிம்மை நம்புங்கள். லீக் உள்ள இடத்தில் அடித்த நொடியில் அது சரிந்து இறங்கும்.

இத்தனைக்கும் பிறகு விரல் கேஸ்கெட்டை நோக்கி நீண்டால்தான் இறக்க வேண்டும். அப்போது பழைய இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் ரப்பர் கேஸ்கெட் பள்ளத்துக்குள் உட்காரும். மேனிஃபோல்டைச் சாய்வாக நுழைத்தால் அதன் ஒரு மூலை வெளியே நழுவி, சிலிண்டர் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே நசுங்கும். நசுங்கிய இடத்தில் தட்டையாக, பளபளப்பாக ஒரு தடம் இருக்கும். ஹெட் முகத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்றும் நகத்தால் தடவிப் பாருங்கள். நேர்விளிம்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து முகத்தின் வளைவை அளந்து பாருங்கள். 0.1 மி.மீ.-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். கடைசிச் சொல் உங்கள் சர்வீஸ் மேனுவலுடையது.

கேள்வி: லீக் இருக்கும் பக்கத்து போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதாதா?

பதில்: போதாது, கெடும். ஒரு போல்ட்டை மட்டும் கூடுதலாக இறுக்கினால் ஃபிளாஞ்ச் (மேனிஃபோல்டில் போல்ட் போடும் விளிம்பு) அங்கே தாழ்ந்து பக்கத்தில் தூக்கிக்கொள்ளும். லீக் இடம் மாறும், நிற்காது. அலுமினிய ஹெட்டின் மரை போனால் வேலை இரட்டிப்பு. 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் கேட்பார்கள். நீளக் கைப்பிடி ராட்செட்டில் இது கைக்கே தெரியாமல் தாண்டிவிடும் அளவு. எல்லாவற்றையும் முதலில் விரலால் திருகி உட்கார வையுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, பாதி டார்க்கில் (இறுக்கும் விசையில்) ஒரு சுற்று, முழு டார்க்கில் ஒரு சுற்று.

கேள்வி: மாற்றிய பிறகு எஞ்சின் உதறுகிறது. ஸ்கேனரில் பி0301, பி0302 (ஒன்றாம், இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை). பிளக், காயில் எல்லாம் மாற்றியும் மிஸ்ஃபயர் போகவில்லை.

பதில்: பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் என்பதே துப்பு. ஒன்றாம், இரண்டாம் இன்ஜெக்டர்களின் கனெக்டர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒயர் நிறத்தை மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் முறை வரும்போது பெட்ரோல் விடும் சீக்வென்ஷியல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் இப்படி மாறினால் பெட்ரோல் தப்பான நேரத்தில் விழும். எஞ்சின் ஓடும், ஒழுங்காக ஓடாது. கனெக்டர் சரியென்றால், அந்த இரண்டு போர்ட்டுகளுக்கு (சிலிண்டருக்குக் காற்று நுழையும் துளைகளுக்கு) நடுவே கேஸ்கெட் நகர்ந்திருக்கலாம்.

மூன்றாவது, இன்ஜெக்டர் ஓ-ரிங். காய்ந்தபடி அழுத்தினால் விளிம்பில் பிறை வடிவில் சீவிக்கொள்ளும். கீழ் ஓ-ரிங் அறுந்தால் ஏர் இழுக்கும். மேல் ஓ-ரிங் அறுந்தால் பெட்ரோல் கசியும், அது தீ அபாயம். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, லேசாகத் திருகியபடி இறக்குங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆனில் இரண்டு மூன்று முறை போட்டு எடுத்து, ரெயிலில் பிரஷர் ஏறியதும் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வி6 எஞ்சின். வெளியே எங்கும் லீக் இல்லை, ஸ்ப்ரேக்கும் அசையவில்லை. ஆனால் ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது.

பதில்: உங்கள் எஞ்சினில் மேனிஃபோல்டின் அடிப்பக்கமே இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை மூடுகிறது என்றால், லீக் கீழே இருக்கிறது. போர்ட்டின் அடி விளிம்பில் கேஸ்கெட் பிடிக்காததால், ஏரோடு பள்ளத்திலுள்ள ஆயிலையும் உறிஞ்சுகிறது. மேலிருந்து எத்தனை ஸ்ப்ரே அடித்தாலும் அங்கே எட்டாது. சோதிக்க ஒரு மெல்லிய கையுறை போதும். பிசிவி ஹோஸையும் கிரான்க்கேஸுக்கு (எஞ்சினின் அடிக்கூட்டுக்கு) சுத்தக் காற்று வரும் ஹோஸையும் கழற்றி, நான்கு முனைகளையும் அடையுங்கள். டிப்ஸ்டிக் இடத்தில் இருக்கட்டும். ஆயில் ஊற்றும் வாயில் கையுறையை மாட்டி எஞ்சினை ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டுங்கள். நல்ல எஞ்சினில் கையுறை மெல்ல உப்பும். உள்ளே இழுத்துக்கொண்டால் மேனிஃபோல்டை இறக்க வேண்டியதுதான்.

கேள்வி: கேஸ்கெட்டுக்கு இரண்டு பக்கமும் சிலிகோன் தடவி மாட்டினால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. ரப்பர் கேஸ்கெட் சிலிகோனில் வழுக்கி நகரும். சாதாரண சிலிகோனைப் பெட்ரோல் ஊற வைத்து உரித்துவிடும். வி எஞ்சினில் முன்னும் பின்னும் மேனிஃபோல்டு உட்காரும் திண்டுகளுக்கும், அவை கேஸ்கெட்டோடு சேரும் நான்கு மூலைகளுக்கும் மட்டும் போடுங்கள்.

கேள்வி: அதே வேலைக்குப் பிறகு டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது.

பதில்: ஏர் லாக், அதாவது கூலன்ட் வழியில் காற்று அடைத்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் கூலன்ட் குறைந்தால், எஞ்சின் குளிர்ந்ததும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேனிஃபோல்டில் உள்ள கூலன்ட் வழி ஆயிலுக்குள் திறந்திருக்கிறது, பேரிங்குகள் போய்விடும்.

கேள்வி: ஷெவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8, கார்புரேட்டர். அலுமினிய மேனிஃபோல்டு மாட்டினேன். ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாகப் பேக் ஃபயர் அடிக்கிறது.

பதில்: மேனிஃபோல்டில் தவறில்லை. அதை எடுக்க டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினீர்கள் அல்லவா? அதைத் தப்பாக உட்கார வைத்திருக்கிறீர்கள். கிரான்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. எனவே கிரான்க்கின் முன்முனையிலுள்ள பேலன்ஸரில் 0 குறி இரண்டு முறை வரும். ஒன்று கம்ப்ரெஷன் முடிவு, மற்றது எக்ஸாஸ்ட் முடிவு. ஒன்றாம் பிளக்கைக் கழற்றித் துளையில் விரல் வைத்து கிரான்க்கைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்த பிறகு வரும் 0 குறிதான் சரியானது. அங்கே ரோட்டார் ஒன்றாம் ஒயரைப் பார்க்க வேண்டும். கியர் பல் சாய்வாக வெட்டியிருப்பதால், இறக்கும்போது ரோட்டார் கொஞ்சம் திரும்பும். அதற்கு ஏற்ப முன்கூட்டியே தள்ளிப் பிடியுங்கள். கடைசி கால் அங்குலம் இறங்காவிட்டால் கீழே ஆயில் பம்ப் தண்டு இடம் பொருந்தவில்லை என்று அர்த்தம். கிளாம்ப்பை வைத்து அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள், நீள ஸ்க்ரூடிரைவரால் தண்டைத் திருப்புங்கள். ஒயர் வரிசை 1-8-4-3-6-5-7-2, கடிகார முள் சுற்றும் திசையில்.

கேள்வி: ஸ்டார்ட் செய்ததும் ஒரு சிலிண்டரில் ‘டக் டக்’ என்று உலோகச் சத்தம்.

பதில்: உடனே அணையுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். போர்ட்டில் நட்டோ வாஷரோ விழுந்திருக்கலாம். பிளக் துளை வழியே போர்ஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். போர்ட்டுக்குள் திணித்த துணிகளையும் எண்ணுங்கள். எத்தனை வைத்தீர்களோ அத்தனையும் வெளியே இருக்க வேண்டும்.

கேள்வி: லீக் எதுவும் இல்லை என்று புகை மெஷினில் உறுதியாகிவிட்டது. ஆனாலும் ஐட்லிங் 1,200.

பதில்: பேட்டரியைக் கழற்றினீர்களா, த்ராட்டில் பாடியைத் துடைத்தீர்களா? இரண்டில் எது நடந்திருந்தாலும் எலக்ட்ரானிக் த்ராட்டிலின் பழைய ஐட்லிங் கணக்கு பொருந்தாது. ஸ்கேனரில் உள்ள ஐட்லிங் ரீலேர்ன் (மறுபடி கற்பிக்கும்) முறையை, ஏசி, விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சின் சூடான பிறகு செய்யுங்கள். அதற்கு முன் இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் அந்தச் சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்துவிட்டீர்கள். கூடவே அந்தச் சென்சாரின் பிழை எண் பி0113-உம் இருக்கும்.