கமிட்டி கூடவில்லை என்றால் மகனை யாரிடம் கேட்பது?

கேள்வி: தாராவியில் இருக்கிறேன். கணவர் இல்லை; வீட்டு வேலைக்குப் போகிறேன். தாதர் ஸ்டேஷனில் தனியாக நின்ற என் 9 வயது மகனைப் போலீஸ் பிடித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தது. ஐந்து மாதமாகக் குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறான். எப்போது போனாலும் "மெம்பர் வரவில்லை, அடுத்த வாரம் வா" என்கிறார்கள். ஒரு காகிதமும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: மெம்பர் வரவில்லை என்ற பேச்சு சட்டத்தில் செல்லாது அம்மா. 2015 சிறார் நீதிச் சட்டப்படி குழு மாதம் 20 நாளாவது கூட வேண்டும். ஐந்து பேரில் மூவர் இருந்தாலே இறுதி உத்தரவு போடலாம். வீட்டு நிலவரத்தை 15 நாளில் விசாரித்து, பிள்ளையை முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்கிறது பிரிவு 36. உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு தாண்டிவிட்டது. கெஞ்ச வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை.

எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடப்பதால்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை. முதலில் குழுவுக்கு மனு எழுதுங்கள்: மகனை இல்லத்தில் வைத்த உத்தரவின் நகல், வீட்டு நிலவரத்தை விசாரித்து எழுதும் சமூக ஆய்வு அறிக்கையின் நகல், மகனை என்னிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். உங்கள் பிரதியில், மனு வந்து சேர்ந்ததற்கான இன்வர்ட் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு வாரத்தில் அசைவில்லையென்றால் கலெக்டரிடம் போங்கள். குழுவின் செயல்பாடு பற்றிய புகாரை விசாரித்து உத்தரவிடும் அதிகாரம் பிரிவு 27(10)-ல் அவருக்குத்தான். கலெக்டர் அலுவலகம், மும்பை நகர மாவட்டக் குழு என்றால் ஃபோர்ட் பழைய கஸ்டம் ஹவுஸ்; புறநகர்க் குழு என்றால் பாந்த்ரா கிழக்கு. குழு அலுவலகத்தில் இந்த வழியைத் தாய்மார்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

"வசதியில்லை, எப்படி வளர்ப்பாய்" என்று கேட்டால் தயங்காதீர்கள். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பதே சட்டத்தின் கொள்கை. விதவைத் தாயின் பிள்ளை வீட்டிலேயே வளர, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் ரூ.4,000 உதவித்தொகை இருக்கிறது. அதையும் மனுவிலேயே கேளுங்கள். எதிராக உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பியுங்கள்.

ஒன்று மிக முக்கியம். மராத்தியில் நீட்டும் எந்தத் தாளிலும், தமிழில் படித்துச் சொல்லாமல் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். அது பிள்ளையை ஒப்புக்கொடுக்கும் பத்திரமாக இருந்தால், மனம் மாற உங்களுக்கு இரண்டே மாதம்தான் அவகாசம். அதன்பின் அவனைத் தத்துக் கொடுக்க முடியும்.