கரையைக் கடந்த புயல் சேலத்துக்கு என்ன செய்யும்? – கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தாலே புயல் பேச்சு வந்துவிடுகிறது. சேலம், ஆத்தூர், ஏற்காடு நண்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியாக வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கடலே இல்லாத ஊர் நம்முடையது. புயல் என்றால் நமக்கு எதற்கு சார் எச்சரிக்கை? (அம்மாபேட்டை)

கடலூர்க் கரை நமக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கி.மீ. தூரம். வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்துதான் புயலுக்கு வலு கிடைக்கிறது. நிலத்தில் ஏறியதும் அந்த வலு கிடைப்பது நின்றுபோகும், காற்றும் தளர்ந்துவிடும். ஆனால் சுமந்து வந்த ஈரம் எங்கே போகும்? எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும். அதற்குத்தான் எச்சரிக்கை.

2016 வர்தா புயல் சென்னையையே புரட்டிப்போட்டது. 2024 ஃபெஞ்சல் புயலில் காற்று அவ்வளவு இல்லை. அப்புறம் எப்படி நம் பக்கம் இவ்வளவு அடி? (ஏற்காடு அடிவாரம்)

இதைத்தான் எல்லோரும் விதவிதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

புயலின் காற்று வேகம் கரையோரத்துக்காரர்களுக்கு முக்கியம். நமக்கு அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதுதான் முக்கியம். வர்தா டிசம்பர் 12 அன்று சென்னை அருகே வேகமாகக் கரையேறி, மரங்களைச் சாய்த்துவிட்டு, உள்ளே வர வர வலுவிழந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ.தான். 62 கி.மீ.யைத் தொட்டால்தான் வானிலைத் துறை புயல் என்றே சொல்லும். ஆக, இது கீழ்ப்படியில் இருந்த புயல். ஆனால் கடந்த பிறகு டிசம்பர் 1 அன்று நெடுநேரம் கிட்டத்தட்ட நகராமல் அங்கேயே நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. பெய்தது அப்போதுதான்.

அதன் பிறகு மெல்ல மேற்கே ஊர்ந்தது. வலு குறையக் குறைய டிவிக்காரர்களின் ஆர்வமும் குறைந்துவிட்டது. மழை மட்டும் குறையவில்லை. டிசம்பர் 2 காலைக் கணக்கில் ஊத்தங்கரை 50 செ.மீ., அரூர் 33 செ.மீ. ஏற்காட்டிலும் 20 செ.மீ.யைத் தாண்டியது. (காலைக் கணக்கு என்றால் முந்தின நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. தேதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்குச் சேர்வராயன் மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் குளிர்ந்து மழையாகிவிடும். அதனால்தான் மலைப்பாதையில் மண் சரிந்தது, திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது.

மலையின் தெற்குச் சரிவுத் தண்ணீர் திருமணிமுத்தாறு வழியாகக் காவிரிக்குப் போகிறது. வடக்குச் சரிவுத் தண்ணீர் வாணியாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஊத்தங்கரை, அரூர்ப் பக்கம் பெய்ததும் அதே ஆற்றுக்குத்தான். எல்லாம் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்து, அங்கிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று. புயல் போய்விட்டது என்று மூச்சுவிட்ட விழுப்புரம், கடலூர்க்காரர்களை இந்த வெள்ளம் இரண்டாவது முறையாக அடித்தது.

கார்த்திகை, மார்கழியில் எங்களுக்குக் காபிப் பழம் பறிக்கும் வேலை. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஆள்களை நிறுத்தினால் கட்டுப்படியாகாது. எதைப் பார்த்து முடிவெடுப்பது? (ஏற்காடு, தோட்டக்காரர்)

முதலில், எங்கே கரையேறப் போகிறது என்று பாருங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கம் ஏறி மேற்கே வந்தால் உஷார். 2018 நவம்பர் 16 அன்று கஜா மாதிரி வேதாரண்யம் பக்கம் ஏறினால் பெரும்பாலும் திண்டுக்கல், கொடைக்கானல் வழியாகப் போகும். 2023 மிக்ஜாம் மாதிரி சென்னைக்கு எதிரே கடலில் இருந்துகொண்டு ஆந்திரா போனால் நமக்கு மழை குறைவு. நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது வடகிழக்கே இருந்தால் நமக்கு வருவது நிலத்தின் மேல் வீசும் வறண்ட காற்று.

அடுத்தது, கடந்த பிறகு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது. இதைச் செய்தியில் ஒரு வரியாகத்தான் சொல்வார்கள், நீங்கள் அந்த வரியைத் தேடிப் பிடியுங்கள். வலுவிழந்துவிட்டது என்று சொன்ன மறுநாள்தான் நமக்கு ஆபத்தான நாள். மண் ஊறிக் கிடந்தால் சில்வர் ஓக் சாய்வதற்குப் புயல்காற்று தேவையில்லை. மழை விட்ட பிறகும் சரிவில் ஆள்களை இறக்காதீர்கள். நனைந்த மண் உடனே இறுகிவிடாது.

ஐப்பசிப் புயல் எல்லாம் ஆந்திரா, ஒடிசாவுக்கே போகிறதே? (ஆத்தூர்)

குளிர்காலம் நெருங்க நெருங்கப் புயல் உருவாகும் இடமும் தெற்கே இறங்கும். அதனால் நவம்பர், டிசம்பர்தான் நம் கரைக்கு. தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் 22-23 இரவில். பண்ருட்டிப் பலா, முந்திரியைச் சாய்த்த தானே 2011 டிசம்பர் 30-இல் வந்தது. ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தை ஒரு புயல் அடித்தது. ஒரே வாரத்தில், 19-ஆம் தேதி, இன்னொன்று ஆந்திராவின் திவிசீமாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

புயல் வந்தால் மேட்டூர் அணை நிரம்பிவிடுமா அண்ணா? (மேச்சேரி)

பெரும்பாலும் இல்லை தம்பி. மேட்டூருக்கு முக்கிய வரத்து குடகு, வயநாடு பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை. ஆனால் புயல் மழை டெல்டாவில் பெய்தால் அங்கே பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டியிருக்காது. திறப்பதைக் குறைப்பார்கள், அணையில் இருப்பது மிஞ்சும்.

ஹரிக்கேன் நம் புயலைவிடப் பெரியதா? (கல்லூரி மாணவி, ஓமலூர்)

இல்லைம்மா, எல்லாம் ஒரே வகைதான். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், பசிபிக்கின் மேற்கில் டைஃபூன், நம் பக்கம் புயல்.

துறைமுகங்களில் 8-ஆம் எண் கூண்டு ஏற்றினால் சேலத்தில் பள்ளி விடுமுறையா? (பெற்றோர், ஐந்து ரோடு)

கூண்டு கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும். 8, 9, 10 எல்லாமே பெரிய ஆபத்துதான், ஆனால் அந்தத் துறைமுகத்துக்கு. நம் பள்ளி விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். பிள்ளைகள் எவ்வளவு ஆவலாகக் கேட்டாலும் அதுவரை பையை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.